ஏஐ வரைந்த கொழுந்துக்காரியைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள், நீங்கள் என்றால் செய்வீர்களா?

கிரேட்வெஸ்டர்ன் கோடு (தலவாக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டிஜிட்டலில் படம் வரைகிறவள். தனியாகத்தான், எந்தக் கம்பனியிலும் இல்லை. கிரிட்டா என்ற வரைகிற செயலி, ஒரு சின்ன பென் டெப்லட், பழைய லெப்டொப், அவ்வளவுதான் பட்டறை. சிறுவர் கதைப் புத்தகம், கோயில் மலர், தேயிலைப் பெட்டி, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அம்மா அப்பாவுக்குப் பரிசாகக் கேட்கும் உருவப்படம் என்று வந்ததைச் செய்து ஓட்டினேன். இப்போது வருகிற வேலையில் பாதி "புதிதாக வரைந்து தா" என்று வருவதில்லை, "இதைக் கொஞ்சம் திருத்தித் தா" என்று வருகிறது. "இது" என்பது அவர்களே ஏஐயில் போட்டெடுத்த படம்.

கடைசியாக வந்தது தேயிலைப் பெட்டிக்கான படம் ஒன்று (கம்பனி பெயர் வேண்டாம்). கொழுந்து பறிக்கிற பெண். தலையில் கூம்பு வடிவ ஓலைத் தொப்பி, சீனத்துப் படங்களில் வருமே அது. பட்டுச்சேலை, காதில் ஜிமிக்கி. கூடையை வயிற்றுக்கு முன்னால் பிடித்திருக்கிறாள், உள்ளே எல்லாம் முற்றல் இலை. பின்னால் மலை நெல்வயல் கணக்காகப் படிப்படியாக இறங்குகிறது. விரல் மட்டும் இப்போதெல்லாம் சரியாக ஐந்து வருகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "தொப்பியை எடுத்துட்டு நம்ம ஆட்கள் மாதிரி ஆக்குங்க, வரைய வேண்டியதில்லையே, திருத்தம்தானே" என்றார்கள். விலை நான் வழக்கமாக வாங்குவதில் கால்வாசி.

திருத்தம்தானே என்பதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். தொப்பியை எடுத்துத் தலைத்துண்டு போட வேண்டும். கூடைக் கயிறு தலையில் எந்த இடத்தில் அழுந்தும், அந்தப் பாரத்துக்குக் கழுத்து எப்படி முன்னால் வரும் என்று தெரிய வேண்டும். இடுப்பில் படங்கு (தார்ப்பாய்) சுற்ற வேண்டும், மழையில் நனைந்தால் அது எப்படி நிற்கும் என்று தெரிய வேண்டும். மட்டம் பார்க்கச் செடிமேல் குறுக்கே போடும் கம்பு வேண்டும். விரல் நுனியில் கறை வேண்டும். கூடையா சாக்கா என்றும் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் நிறையத் தோட்டங்களில் இப்போது பிரம்புக் கூடையே கிடையாது, நைலோன் சாக்குத்தான். இதெல்லாம் அம்மாவையும் அத்தையையும் பார்த்து எனக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. அப்படியென்றால் கால்வாசி விலைக்கு அவர்கள் வாங்குவது நான் வரைவதை இல்லை, நான் பார்த்து வளர்ந்ததை. பொய்ப் படம் ஒன்றை மெய்யாகக் காட்டுகிற கடைசிக் கைவேலைக்கு மட்டும் நான் தேவைப்படுகிறேன், அதுவும் பெயர் இல்லாமல்.

ஏஐ மேல் எனக்கு இரண்டு கோபம் உண்டு. ஒன்று எல்லோரும் பேசுகிறதுதான். 2022 ஓகஸ்டில் வந்த ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற படம் போடும் ஏஐயை லாயன் 5பி என்ற தொகுப்பிலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பயிற்றினார்கள். அந்தத் தொகுப்பில் 585 கோடி படங்களுக்கான சுட்டிகள் இருந்தன, வரைந்தவர் யாரிடமும் கேட்கவில்லை. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைப் போட்டு ஆயிரக்கணக்கானோர் டிராகன் படம் எடுத்தார்கள், கடைசியில் இணையத்தில் தன் பெயரைத் தேடினால் தன்னுடைய வேலையே கிடைக்காமல் போய்விடுமோ என்று அவர் பயப்படும் நிலை வந்தது. என் பெயரைப் போட்டால் மெஷினுக்கு ஒன்றும் தெரியாது, நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனாலும் பல வருசப் படங்கள் பொதுவில்தான் கிடக்கின்றன.

இரண்டாவது கோபம் நம்முடையது, அதை வெளிநாட்டு ஓவியர்களிடம் சொன்னால் புரியாது. ஜூலியா மார்கரட் கமரொன் என்ற பெயர் பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரி 1875இல் இலங்கைக்கு வந்தார், கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே இறந்து போனார், கல்லறை போகவந்தலாவ சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. இங்கே அவர் வேலையாட்களை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் எடுத்த படங்கள் இன்றைக்கு உலகத்து மியூசியங்களில் இருக்கின்றன, படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. அப்புறம் 1890இல் லிப்டன் வந்தார், அவருடைய தேயிலை விளம்பரங்களில் கூடையோடு நம் பெண்கள். அப்புறம் போஸ்ட்கார்ட், அப்புறம் சுற்றுலாப் புத்தகம், இப்போது ரோட்டோரம் காரை நிறுத்திச் சிரிக்கச் சொல்லி எடுக்கிற இன்ஸ்டாகிராம் படம். மெஷின் போடுகிற அந்தச் சிரிப்பு மெஷின் கண்டுபிடித்தது இல்லை, இந்த வரிசை முழுவதையும் படித்துவிட்டுத்தான் அது சிரிக்கிறது.

அதனால்தான் "உரிமம் வாங்கிய படத்தில் மட்டும் பயிற்றினோம்" என்று சொல்கிற ஏஐ மொடல்களாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. அடோபி ஃபயர்ஃபிளை தங்கள் ஸ்டொக் படங்களிலும் பதிப்புரிமை முடிந்த படங்களிலும் படித்தது என்கிறார்கள். சரி, போட்டோ எடுத்தவருக்குக் காசு போயிருக்கும். கமரொன் எடுத்த படங்களுக்கெல்லாம் உரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. அந்தப் படத்தில் நிற்கிறவளிடம் யார் கேட்டது? அன்றைக்கும் கேட்கவில்லை.

இப்போ என் கேள்வி. இந்தத் திருத்த வேலையை எடுப்பதா விடுவதா? எடுத்தால் எப்படி விலை சொல்வது? நான் விட்டால் இன்னொருவர் செய்வார், அல்லது அந்தத் தொப்பியோடேயே பெட்டி கடைக்கு வரும், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களில் இந்த வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

பிளெக்ஸ் கடை (ஹட்டன்)

தங்கச்சி, கோபிக்காதீங்க, நான் மற்றப் பக்கம் பேசுறேன்.

என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் போனில் படத்தோடு வருகிறார்கள். கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, டியூசன் வகுப்பு, எல்லாத்துக்கும். முன்பு கூகிளில் எடுத்த படத்தோடு வந்தார்கள், சிலதில் வேறு கம்பனியின் முத்திரைகூட அழியாமல் இருக்கும், அதை அழித்துவிட்டு அடிப்பதுதான் என் வேலை. முருகன் படம், பிள்ளையார் படம் யாரோ ஒரு மனுசன் இந்தியாவில் உட்கார்ந்து வரைந்ததுதானே, எந்தத் திருவிழாக் கமிட்டி அவருக்குக் காசு அனுப்பியது? நம் கடைகளில் ஓடுகிற போட்டோஷொப் யார் வாங்கியது? இத்தனை வருசம் கேட்காமல் எடுத்துப் பழகிவிட்டு, நம் படத்தை எடுத்ததும் அறம் பேசுகிறோம் என்று ஒருவன் கேட்டால் என்ன பதில்?

இன்னொன்று. என் மாமா போர்ட் எழுதுகிறவர். டிக்கோயாவிலிருந்து மஸ்கெலியா வரை அவர் எழுத்து இல்லாத கடை இல்லை. பிளெக்ஸ் வந்தது, பிரஷைக் கழுவி வைத்தார். அப்போது எந்த மன்றத்திலும் யாரும் கேள்வி போடவில்லை. நான்தான் அந்த மெஷினை வாங்கினேன், அவர் மருமகன். வீட்டில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு வராது.

மிட்ஜேர்னி என்ற படம் போடும் ஏஐ மாதம் 10 டொலர், கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபா. உங்களிடம் ஒரு படத்துக்கே அதைவிடக் கூட ஆகும், நாலு நாள் காத்திருக்கவும் வேண்டும். என் கஸ்டமர் நாளைக் காலையில் கட்ட வேண்டிய பெனருக்கு இன்று பின்னேரம் வருகிறான். அவனிடம் ருட்கோவ்ஸ்கி கதை சொல்ல முடியுமா?

வேலையை எடுங்க. ஆனால் கால்வாசிக்கு எடுக்காதீங்க, அது மட்டும் என் கருத்து.

கிரேட்வெஸ்டர்ன் கோடு

அண்ணே, கோபம் இல்லை. முருகன் படத்துக் கதை உண்மைதான், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. திருட்டு சொப்ட்வெயார் பற்றியென்றால், கிரிட்டா இலவசம், அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா விசயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பிளெக்ஸ் மெஷின் அவர் வேலையைப் பறித்தது, ஆனால் அவர் எழுதின போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அவர் கையெழுத்தைக் கற்றுக்கொண்டு வந்து பறிக்கவில்லை. இது அப்படி வந்திருக்கிறது. வேலை போவது பழைய கதை, எல்லாத் தொழிலிலும் நடந்தது, நான் அழப்போவதில்லை. என் வேலையையே வைத்து என் இடத்துக்கு ஆள் தயார் செய்துவிட்டு, அந்த ஆள் பிழை விட்டால் திருத்த என்னையே கூப்பிடுவதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

சட்டப் புத்தகம் (கண்டி)

சட்டம் சார்ந்ததை மட்டும் நான் சொல்கிறேன், மற்றது உங்கள் மனசாட்சி.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான். படத்தை வரைந்த உடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடும், எங்கேயும் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 வருடம். 9ஆம் பிரிவு பணம் சார்ந்த உரிமைகள். 10ஆம் பிரிவு உங்கள் பெயரைப் போடச் சொல்கிற உரிமை, உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைப்பதை எதிர்க்கிற உரிமை. 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு. 2003இல் எழுதின சட்டம், ஏஐ பயிற்சி என்ற பேச்சே அதில் இல்லை. ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது, இங்கேயும் இல்லை, வேறெங்கேயும் இல்லை. "என் ஸ்டைலைத் திருடிவிட்டார்கள்" என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. படத்தைக் கொப்பி அடித்தார்கள் என்றுதான் போக வேண்டும்.

வெளிநாட்டில் வழக்குகள் ஒரே திசையில் போகவில்லை. சாரா அண்டர்சன், கெலி மக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் ஸ்டெபிலிட்டி ஏஐ (ஸ்டேபிள் டிஃபியூஷன் கம்பனி), மிட்ஜேர்னி, டீவியன்ட்ஆர்ட் மேல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள், 2024 ஓகஸ்டில் பதிப்புரிமைப் பகுதி தொடரலாம் என்று நீதிபதி விட்டார். லண்டனில் படங்களுக்கு உரிமம் விற்கிற கெட்டி இமேஜஸ் கம்பனி ஸ்டெபிலிட்டி மேல் போட்ட வழக்கில் 2025 நவம்பர் தீர்ப்பு பெரும்பாலும் ஸ்டெபிலிட்டிக்குச் சாதகம். பயிற்சி பிரித்தானியாவில் நடந்தது என்று காட்ட முடியாமல் முக்கியமான குற்றச்சாட்டை கெட்டியே இடையில் கைவிட்டிருந்தது, சில படங்களில் கெட்டியின் வர்த்தக முத்திரை வந்ததற்கு மட்டும் கொஞ்சம் கிடைத்தது. புத்தக எழுத்தாளர்கள் அன்த்ரோபிக் என்ற ஏஐ கம்பனி மேல் போட்ட வழக்கில், வாங்கிய புத்தகத்தில் பயிற்றுவது நியாயமான பயன்பாடு, திருட்டுத் தளத்தில் இறக்கிச் சேர்த்து வைத்தது அப்படி இல்லை என்று 2025 ஜூனில் ஒரு நீதிபதி பிரித்துச் சொன்னார், பிறகு 150 கோடி டொலருக்குச் சமரசம் ஆனது. ஆகவே "சட்டப்படி சரி" என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள், "சட்டப்படி திருட்டு" என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள்.

உங்களுக்குப் பயன்படுகிறது இதுதான். அமெரிக்காவில் மெஷின் மட்டும் உண்டாக்கின படத்துக்குப் பதிப்புரிமை இல்லை. 2023 பெப்ரவரியில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் எழுத்துக்கும் அடுக்கின விதத்துக்கும் மட்டும் உரிமை கொடுத்து, மிட்ஜேர்னி போட்ட படங்களுக்கு இல்லை என்று பதிப்புரிமை அலுவலகம் சொன்னது. ஓர் ஆக்கத்துக்கு மனிதர்தான் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. தேயிலை ஏற்றுமதி செய்கிற கம்பனிக்கு இது சின்ன விசயம் இல்லை. பெட்டியில் இருக்கும் பெண்ணை நாளைக்குப் போட்டிக் கம்பனி அப்படியே எடுத்துத் தன் பெட்டியில் போட்டால், பதிப்புரிமையை வைத்து அங்கே தடுப்பது கஷ்டம். நீங்கள் முழுதாக வரைந்து உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் தடுக்கலாம். திருத்தித் தருவதற்கு மூன்று மடங்கு கேட்பதைவிடப் புதிதாக வரைவதன் லாபத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அறம் பேசினால் காது கொடுக்க மாட்டார்கள், சொத்து என்றால் கொடுப்பார்கள்.

சித்திர ரீச்சர் (பசறை)

தங்கச்சி எழுதியதில் இரண்டாவது கோபம்தான் எனக்கும்.

பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காமன் கூத்தை வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை அண்ணனின் போனில் ஏஐயிடம் கேட்டு அதைப் பார்த்து வரைந்து வந்தது. ரதியும் மதனும் வட இந்தியக் கலண்டரில் வருகிற ராதை கிருஷ்ணன் கணக்காக நிற்கிறார்கள், மயிலிறகு, புல்லாங்குழல், ஊஞ்சல். அந்தப் பிள்ளையின் தாத்தா ரதி வேசம் கட்டி ஆடினவர். நம் கூத்தில் ரதிக்கு ஆண்தான் வேசம் கட்டுவார், தலையில் மரக் கிரீடம், முகப்பூச்சு, பக்கத்தில் தப்பு மேளம். ராத்திரி முழுக்க லயத்து வரிசை வீடுகளின் வாசலில் ஆடிக் கடைசியில் காமனை எரிப்பார்கள். இது மெஷினுக்கு எப்படித் தெரியும்? நாமே ஒழுங்காகப் படம் எடுத்துப் போட்டது இல்லை. போட்டதும் வீடியோக் கெசட்டில் மங்கலாகப் போனதுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நல்ல படங்களாக எடுத்து, பெயரும் ஊரும் விளக்கமும் எழுதிப் பொதுவில் போட்டால் மெஷின் அடுத்த முறை சரியாக வரையும். பிள்ளைகள் பார்க்கும் படம் சரியாக இருக்கும். ஆனால் அதோடு நம் கூத்தும் யாரும் கேட்காமல் எடுக்கிற சரக்காகிவிடும், நாளைக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டல் சுவரில் காமன் எரிவான், ஆடினவருக்கு ஒரு சதம் வராது. போடாவிட்டால் ராதை கிருஷ்ணன்தான். தவறாக வரையப்படுவதா, இல்லை எடுக்கப்படுவதா, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறார்கள். (நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு நம் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்று படித்தேன், சட்டப் புத்தகம் ஐயா விளக்குவாரா தெரியவில்லை.)

இப்போதைக்கு வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். மாதிரிப் படம் வேண்டுமென்றால் நீயே போய்ப் பார், நீயே போட்டோ எடு, எடுக்க முன் அந்த ஆளிடம் கேள், பெயரை எழுதி வை. தாத்தாவை நிற்க வைத்து வரையச் சொன்னேன். தாத்தாவுக்கு ஒரே சந்தோசம், பிள்ளைக்குத்தான் ஏஐ படம்தான் வடிவு என்று வருத்தம்.

மஸ்கெலியா மழை

ரீச்சர், பிள்ளையை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? 2025 மார்ச் கடைசியில் சட்ஜிபிடியில் ஜிப்லி (ஜப்பானியக் கார்ட்டூன் பட ஸ்டூடியோ) பாணிப் படம் வந்தபோது இங்கே பாதிப் பேரின் முகப்படம் மாறியதை மறந்துவிட்டோமா. கல்யாணப் படம், குழந்தைப் படம், லயத்துக்கு முன்னால் நிற்கிற படம், எல்லாம் ஜிப்லி. அப்போது யாரும் கேட்கவில்லை.

அதோடு, ஜிப்லியின் இயக்குநர் மியாசாகி ஏஐ படங்களைத் திட்டினார் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அது 2016இல் எடுத்தது. தரையில் இழுபட்டு நகரும் உருவம் ஒன்றைக் கணினி அசைத்துக் காட்டியபோது சொன்னது. இப்போதைய படம் போடும் மெஷின்கள் அப்போது கிடையாது. அவருக்கு இதுவும் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் சொல்லாததைச் சொன்னதாகப் பரப்ப வேண்டாம், பொய்ப் படத்தைத் திட்டுகிற நாமே அதைச் செய்யக் கூடாது.

ஊவாப் பொடியன் (பண்டாரவளை, இப்போது கொழும்பு)

நான் சொப்ட்வெயார் வேலை. கோட் எழுத ஏஐயைப் பாவிக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பக்கமும் அடிக்கடி பிழையாகச் சொல்வது ஒன்று உண்டு. "மெஷினுக்குள் நம் படம் எல்லாம் சேமித்து இருக்கிறது, வெட்டி ஒட்டித் தருகிறது" என்பது அப்படியே சரி இல்லை. ஸ்டேபிள் டிஃபியூஷன் கோப்பு சில ஜிகாபைட்தான், அதற்குள் நூற்றுக்கணக்கான கோடிப் படங்கள் அடங்காது. படத்தில் இரைச்சலைச் சேர்த்து, அதை எப்படி நீக்குவது என்று திரும்பத் திரும்பப் பழக்கி, எந்தச் சொல்லுக்கு எந்த மாதிரி உருவம் வரும் என்ற எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதே நேரம் "ஒன்றுமே மனப்பாடம் ஆகவில்லை" என்று கம்பனிகள் சொல்வதும் சரி இல்லை. 2023இல் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் திரும்பத் திரும்ப வந்த மூன்றரை லட்சம் படங்களை எடுத்துச் சோதித்தபோது, நூறு சொச்சம் படங்களை ஏறக்குறைய அப்படியே வெளியே இழுக்க முடிந்தது. ஒருமுறை பயிற்சியில் போனதைத் தனியே பிரித்தெடுப்பது குழம்பில் கரைந்த உப்பை அள்ளுவது மாதிரித்தான், அதனால் "பிறகு எடுத்துவிடலாம்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம்.

ரீச்சருக்கு: நல்ல படம் பத்து போட்டாலும் மெஷின் திருந்துமா என்பது சந்தேகம். அதிகம் இருப்பதன் பக்கம்தான் அது சாயும். கொழுந்துக்காரி என்று கேட்டால் சீனா, அசாம், டார்ஜிலிங், கேரளா, நாம் எல்லாம் கலந்த ஒருத்திதான் வருவாள், தொப்பி அங்கிருந்துதான். ஆகவே மெஷினைத் திருத்துவதற்காகப் போடாதீர்கள், பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால் போடுங்கள். கேட்டு எடுத்தது, பெயர் எழுதியது என்பது மனிதர் பார்க்கும்போது தெரியும், அதுவே போதுமான காரணம்.

கோடு அக்காவுக்கு: சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கிளேஸ், நைட்ஷேட் என்று இரண்டு இலவசக் கருவிகள் செய்தார்கள். கிளேஸ் 2023இல் வந்தது, உங்கள் பாணியை மெஷின் வேறாகப் புரிந்துகொள்ளும்படி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத மாற்றம் செய்யும். நைட்ஷேட் 2024 ஜனவரியில் வந்தது, எடுக்கிறவனின் பயிற்சியையே கெடுக்கப் பார்க்கும். ஆனால் 2025இல் லைட்ஷெட் என்று இந்தப் பூச்சைக் கண்டுபிடித்து நீக்குகிற முறையையும் ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள், ஆகவே பூட்டு என்று நம்பாமல் இடைஞ்சல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லெப்டொப்பில் கிளேஸ் ஓட நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். பொதுவில் சின்ன அளவுப் படம் மட்டும் போடுங்கள். வரைந்த அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் லேயர் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், யாராவது "இதுவும் ஏஐதானே" என்று கேட்டால் அதுதான் சாட்சி. இப்போது கையால் வரைகிறவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அது ஒரு கேவலம்.

ஓவியர்கள் சேர்ந்து சத்தம் போட்டால் நடக்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 கடைசியில் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் என்ற வரைகிற செயலியில் ஏஐயால் படம் உண்டாக்கும் வசதியைச் சேர்க்கப் போகிறோம் என்றார்கள், பாவனையாளர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே கைவிட்டார்கள். 2024இல் இன்னொரு வரைகிற செயலியான புரொகிரியேட் எங்கள் செயலியில் ஜெனரேட்டிவ் ஏஐ வராது என்று அறிவித்தது. வாங்குகிறவன் சொன்னால் கேட்கிறார்கள்.

பிளெக்ஸ் கடை (ஹட்டன்)

சட்டப் புத்தகம் சொன்ன அந்தச் சொத்துக் கதை எனக்குப் புதிது. சில தேயிலைக் கடைக்காரர்களுக்கு லேபல் அடித்துக் கொடுக்கிறேன், அவர்களிடம் சொல்ல வேண்டியதுதான்.

தங்கச்சி, நேரே கேட்கிறேன். திருவிழாப் பெனருக்கும் அஞ்சலிக்கும் நான் ஏஐயைப் பாவிப்பதை நிறுத்தப் போவதில்லை, அதை ஒளிக்கவும் மாட்டேன். ஆனால் கொழுந்துக்காரி, காமன் கூத்து, லயம், சிவனொளிபாதமலை இந்த மாதிரி நம்முடைய விசயத்துக்கு மாதிரிப் படங்கள் ஒரு தொகுதியாக நீங்கள் வரைந்து தந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். கஸ்டமருக்கு அதைத்தான் காட்டுவேன். எவ்வளவு, என்ன நிபந்தனை, சொல்லுங்க. கால்வாசி கேட்க மாட்டேன்.

கிரேட்வெஸ்டர்ன் கோடு

எல்லோருக்கும் நன்றி. தேயிலைக் கம்பனிக்கு நேற்று எழுதிவிட்டேன்: திருத்தம் செய்வதில்லை, புதிதாக வரைவேன், முழு விலை, உரிமையை எழுத்தில் மாற்றித் தருவேன், பெட்டியில் மூலையில் சின்னதாக என் பெயர். பெட்டியின் உரிமைச் சிக்கலையும் சட்டப் புத்தகம் சொன்னபடி இரண்டு வரி சேர்த்தேன். "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்று பதில். வராவிட்டாலும் பரவாயில்லை, தொப்பிக்காரியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பொடியன் தம்பி, கிளேஸை இறக்கிவிட்டேன், பாதி ராத்திரியில் லெப்டொப் சூடாகி நின்றுவிட்டது. திரும்பப் பார்க்கிறேன்.

ரீச்சர், அந்தத் தாத்தா சம்மதித்தால் வேசத்தோடு அவரைப் பார்த்து வரைய எனக்கும் ஆசை. அவருக்கு நாள்கூலி கொடுத்துத்தான் உட்கார வைப்பேன், பெயரும் போடுவேன். பசறைக்கு வரத் தயார்.

பிளெக்ஸ் அண்ணே, விலையை இன்பொக்சில் பேசுவோம். நிபந்தனை இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களும் பார்க்கட்டும். படங்கள் உங்கள் கடை அச்சுக்கு மட்டும். கோப்பை வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது. எந்த ஏஐயிலும் ஏற்றி "இதே மாதிரி இன்னொன்று" என்று கேட்கக் கூடாது. கஸ்டமர் நிறம் மாற்றக் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், முதல் மாற்றம் இலவசம். முன்பணம் பாதி. அப்புறம், முடியுமென்றால் எழுத்துக்கு உங்கள் மாமாவிடம் கேளுங்கள், தலைப்பு எழுத்தெல்லாம் அவர் பிரஷால் எழுதித் தந்தால் நான் ஸ்கேன் பண்ணி எடுத்துக்கொள்கிறேன், அவருக்குத் தனியாக விலை போடுங்கள்.

பிளெக்ஸ் கடை (ஹட்டன்)

மாமாவிடம் கேட்டேன். "எத்தனை எழுத்து?" என்றார். ஓர் எழுத்துக்கு இவ்வளவு என்று விலையும் சொன்னார், உங்களைவிட மோசம். இன்பொக்சுக்கு வாங்க.